எங்களால் எதுவும் வெட்டப்படவில்லை

அன்வருதீனுக்கு ஒரு மத்தியானம் காணாமல் போனது.

வியாழக்கிழமை. சோறு சாப்பிட்டுவிட்டு லைன் பார்க்கப் புறப்பட்டவர், அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரத்துக்கு பைக்கை கேபிள் ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்னா கிழமை?" என்றார்.

சந்தாதாரர் ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்த அவர் மனைவி ஷாஜாதி, ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "வியாழன்" என்றாள்.

"நான் எங்க போயிட்டு வந்தேன்?"

"என்னக் கேட்டா? அமுதவல்லி அக்கா வீட்டுக்கு. படம் கட்டம் கட்டமா ஒடையுதுன்னாங்களே."

"ஓ." தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "இன்னிக்கு என்னா கிழமை?" என்றார்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். முப்பது வருஷம் ஏணியில் ஏறி இறங்கியும் அவருக்குக் குறும்பு குறையவில்லை. ஆனால் நாலாவது தடவையும் அதே கேள்வி அதே குரலில், முதல் தடவை கேட்பதுபோலவே வந்தபோது அவள் போனை வைத்துவிட்டாள்.

"என் பேரு என்னா?"

"என்னாடி கேள்வி இது? ஷாஜாதி."

"நம்ம பொண்ணு எங்க படிக்குது?"

"அனம் பி.காம் ரெண்டாவது வருஷம். ஏன், ஏதாச்சும் பிரச்சினையா?" என்று பதறினார். ஒரு நிமிஷம் கழித்து, "நான் எங்க போயிட்டு வந்தேன்?" என்றார்.

வாசலில் நின்ற பைக்கைப் போய்ப் பார்த்தாள். அடிபட்ட கீறல் எதுவும் இல்லை. பின்னால் ஏணி கட்டும் கயிற்றில், கறுப்புப் பிளாஸ்டிக் பையில் வேர்மண்ணோடு ஒரு கனகாம்பரக் கன்று கட்டியிருந்தது. அன்வருதீன் தன் வாழ்நாளில் ஒரு கொத்தமல்லி விதைகூடப் போட்டவர் அல்லர்.

ஆட்டோவில் போகும்போது, "நாம எங்க போறோம்?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு என்னா?"

"உங்களுக்குத்தாங்க."

"எனக்கென்னா, நல்லாத்தான இருக்கேன்." அடுத்த சிக்னல் வருவதற்குள், "நாம எங்க போறோம்?" என்றார். ஆட்டோ ஓட்டியவர் கண்ணாடி வழியாக ஷாஜாதியைப் பார்த்தார். அதற்குமேல் எந்தச் சிக்னலிலும் அவர் நிற்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சிலும் மண்டையிலும் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இருட்டுகிற நேரத்தில் கேள்விகளின் இடைவெளி கூடியது. பிறகு நின்றே போனது. "பசிக்குது, இட்லி எதுனா கெடைக்குமா?" என்று அவர் கேட்டபோது, காலேஜிலிருந்து நேரே ஓடிவந்திருந்த அனம் அழுதேவிட்டாள்.

மறுநாள் காலையில் வந்த பெண் டாக்டர் நிதானமாகப் பேசினார். "ஸ்கேன் சுத்தமா இருக்கும்மா. ஸ்ட்ரோக் இல்ல, ஃபிட்ஸும் இல்ல. சில பேருக்கு இந்த வயசுல ஒரு தடவ இப்படி வரும். கொஞ்ச மணி நேரத்துக்குப் புதுசா எதுவும் மனசுல பதியாது. அப்பறம் தானா சரியாயிடும். மறுபடி வர்றது ரொம்ப அபூர்வம்."

"ஏன் வந்துச்சு டாக்டர்?"

"தெரியலம்மா."

"உங்களுக்குத் தெரியலயா, இல்ல..."

"யாருக்கும் இன்னும் சரியாத் தெரியல."

"அப்ப அந்த மத்தியானம்? அது எப்ப ஞாபகம் வரும்?"

"வராது. பதியவே இல்லயே, எங்கருந்து எடுக்கறது?" டாக்டர் சிரித்தார். "ஒரு மாசம் ஏணி ஏற வேணாம். அப்பறம் வந்து காட்டுங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுத்தான் ஷாஜாதி வெளியே வந்தாள். ஆனால் லிஃப்டில் இறங்கும்போதே மகளிடம் முணுமுணுத்தாள்: "என்னாடி பதில் இது? ஏன் வந்துச்சுன்னும் தெரியாது, எங்க போனாருன்னும் தெரியாதுன்னா?"

இந்த மாதிரிப் பதிலோடு ஷாஜாதிக்குப் பழைய பகை உண்டு.

*

ஷாஜாதிக்கு நாற்பத்தேழு வயது. சாரம் பகுதியில் அவர்கள் வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். கல்யாணமாகி வந்த புதிதில் மொட்டைமாடியில் பெரிய குடை ஆன்டெனாவும் கீழே ஒரு போனும் இருந்தன. மேலே ஏறுவது அவர் வேலை, கீழே போன் எடுப்பது இவள் வேலை என்று யாரும் பேசி முடிவு செய்யாமலே ஆகிவிட்டது. குடை போய் செட்டாப் பாக்ஸ் வந்தது. வயரிலேயே இன்டர்நெட்டும் வந்தது. போன் மட்டும் அவளிடமே இருந்தது. சாரத்தில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். கடையில் நின்று "கால் கிலோ தக்காளி" என்றால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பி, "கேபிளாம்மா?" என்பார்கள்.

"பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பண்ணியாச்சா? பச்ச லைட் எரியுதா?" இதைத் தூக்கத்திலும் சொல்லுவாள் என்று அன்வருதீன் கிண்டல் செய்வார்.

கதை பார்ப்பதில் அவளுக்கு ஒரு வெறி. எந்தத் தொடர் ஆரம்பித்தாலும் ரெண்டாவது வாரமே யார் கொலைகாரன், யார் யாருடைய பிள்ளை என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போனாலும் கோபப்பட மாட்டாள், கடைசியில் சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் விட்டால்தான் ஆகாது.

அப்படிச் சொல்லாமல் விட்டது ‘நீலக் கிணறு.’ எந்த நாட்டிலோ எடுத்துத் தமிழில் பேசவைத்த தொடர். ஞாயிறு பகல் பதினோரு மணிக்கு வரும். மலை ஊர் ஒன்றில் ஒரு கிணறு. அதன் பக்கம் போகிற பிள்ளைகள் காணாமல் போவார்கள். ஊரிலுள்ள கடிகாரமெல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். தபால்காரருக்கு மூன்று விரல்தான். ஒவ்வொரு வாரமும் முடியும்போது கனத்த குரல் ஒன்று, "கடிகாரங்கள் ஏன் நின்றன? தபால்காரரின் விரல்கள் எங்கே? விடை... விரைவில்!" என்று உறுமும். சாரமே ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை முன்கூட்டியே வைத்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

கடைசி ஞாயிறு, போலீஸ்காரி கிணற்றை எட்டிப் பார்த்தாள். உள்ளே அவளுடைய முதுகே தெரிந்தது. எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குதிரை வந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தது. திரை கறுத்து எழுத்து ஓட ஆரம்பித்தது.

எழுத்து முடிவதற்குள் போன் அடித்தது.

"ஏன்டி ஷாஜாதி," என்றாள் அமுதவல்லி. இரண்டு தெரு தள்ளி இட்லிக் கடை வைத்திருப்பவள், வயதில் கொஞ்சம் மூத்தவள். "மாசப் பணம் லேட்டாச்சுன்னா வாயால கேளு, குடுத்துட்றேன். அதுக்காகக் கடைசிப் பத்து நிமிஷத்த வெட்டுவியா?"

"நான் எங்கக்கா வெட்டுனேன்? அவ்ளோதான் முடிவே."

"போடி. குதிர கண்ணத் தொறக்குதாம், அதோட முடிஞ்சுதாம். யார்கிட்ட கத வுட்ற?"

அன்றைக்குச் சாயங்காலம் வரை போன் ஓயவில்லை. எல்லார் புகாரும் ஒன்றுதான். கேபிள்காரர் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார். விளம்பரத்துக்காக வெட்டினார் என்றார் ஒருவர். பக்கத்துத் தெருவில் முழுசாக வந்ததாம் என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றதால் தெருவே சொல்தா என்று கூப்பிடும் அரிகிருஷ்ணன் மட்டும் பெரிய மனுஷத்தனமாகப் பேசினார். "பிரான்சுல எல்லாம் இப்படித்தான்மா முடிப்பான். புரியறவனுக்குப் புரியும்." பிறகு தணிந்த குரலில், "அந்தக் குதிர என்னாம்மா அது?" என்றார்.

அன்வருதீன்தான் யோசனை சொன்னார். அவர்களுடைய உள்ளூர்ச் சேனலில், கல்யாண மண்டப விளம்பரத்துக்குக் கீழே எழுத்து ஓடவிட்டார்கள்: ‘நீலக் கிணறு தொடரின் கடைசிப் பகுதி முழுமையாக ஒளிபரப்பானது. எங்களால் எதுவும் வெட்டப்படவில்லை.’

அதைப் பார்த்துவிட்டுப் புதிதாகப் பத்துப் பேர் போன் செய்தார்கள். வெட்டாதவன் எதற்காக வெட்டவில்லை என்று போடுகிறான்?

எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய ஷாஜாதிக்கும் உள்ளுக்குள் அதே ஆத்திரம்தான். மற்றவர்களுக்காவது திட்ட ஒரு கேபிள் ஆபீஸ் இருந்தது. அவள் யாருக்குப் போன் செய்வாள்?

*

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஏணியைப் பின்கட்டில் வைத்துப் பூட்டினாள். பைக் சாவி அவள் முந்தானைக்குப் போனது. டாக்டர் சொன்னது ஒரு மாசம். ஷாஜாதி தனக்குள் வைத்துக்கொண்ட கெடு வேறு. அந்த மத்தியானம் எங்கே போனார், என்ன ஆனது என்று தெரிகிற வரைக்கும் அவரைத் தனியே வெளியே விடுவதில்லை. இனியவன் என்ற லைன்மேனைக் கூலிக்கு வரச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயது அன்வருதீன் ஆபீஸ் ஸ்டூலில் உட்கார்ந்து போன் எடுக்க ஆரம்பித்தார்.

அது எடுபடவில்லை. "பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பொறுமையாகச் சொல்ல அவருக்கு வரவில்லை. "இருங்க, நானே வந்துட்றேன்" என்று எழுந்துவிடுவார். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். உட்கார்ந்துவிடுவார்.

பள்ளிவாசலுக்குக்கூட அனம் கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் கூட்டிவந்தாள். "ஜமாஅத்துல எல்லாரும் சிரிக்கிறானுங்க ஷாஜாதி. ஸ்கூல் புள்ளயக் கூட்டிட்டுப் போற மாதிரி வாசல்ல வந்து நிக்குது இது."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"போனது ஒரு மத்தியானம். தூங்கியிருந்தாலும் போயிருக்கும்."

"தூங்கறவங்க பைக் ஓட்ட மாட்டாங்க."

விடிந்து அவர் கண்ணைத் திறந்தால் எதிரே தூங்காத அவள் முகம் இருக்கும். "இன்னிக்கு என்னா கிழமை?" என்பாள். அவர் சொல்வார். "நேத்து ராத்திரி என்னா கொழம்பு?" அதையும் சொல்வார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னாடி இது, எனக்கு வந்தது இப்ப ஒனக்கு வந்துடுச்சு. தெனம் இதயே கேட்டுக்கிட்டு" என்றார். அவள் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இணைப்பு வயரின் முனைகளைச் சீவிக்கொண்டே இருந்தார், எதற்கும் தேவையில்லாமல். இப்படியே உட்காரவைத்தால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் சாவியைக் கொடுக்கக் கை வரவில்லை.

அதனால் அவளே விசாரணையில் இறங்கினாள். அனத்தின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து முதலில் அமுதவல்லி வீட்டுக்குப் போனாள்.

"நல்லாத்தான் இருந்தாரு பாய்," என்றாள் அமுதவல்லி, மாவை வழித்துக்கொண்டே. "கனெக்டர மாத்துனாரு. தண்ணி கேட்டாரு, குடிச்சாரு. படம் பளிச்சுன்னு வந்துச்சு. என்னா, ஒங்க வீட்டுப் பக்கம் திரும்பாம மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பிப் போனாரு. வேற வேல இருக்கும்னு நெனச்சேன்."

"அந்தப் பக்கம் நமக்கு லைனே கெடயாதே அக்கா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

மேட்டுப்பாளையம் லாரி நிறுத்தத்துக்கு எதிரே ஆதிமூலத்தின் டீக்கடை. போட்டோவைக் காட்டியதும் அவர் கரண்டியை வைத்துவிட்டார். "இவரா? மறக்க முடியுமா? எம்மா, ஒரு டீயக் கையில வச்சுக்கிட்டு ஆயிரம் தடவ கேட்டாரும்மா, ‘ஷாஜாதி சாப்ட்டாளா?’ன்னு. ஷாஜாதி யாருன்னே எனக்குத் தெரியாது. மொதல்ல தெரியாதுன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்பறம் சாப்ட்டாங்க பாய், நல்லா சாப்ட்டாங்கன்னு சொல்லிட்டேன். எனக்கும் வேல நடக்கணும்ல?"

அனம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ஷாஜாதி முகத்தை இறுக்கிக்கொண்டு, "அப்பறம் எந்தப் பக்கம் போனாரு?" என்றாள்.

"இப்படித்தான், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் உள்ள."

யார் வாசலில் கேமரா இருக்கிறது என்பது கேபிள் போடுகிறவர்களுக்குத் தெரியும். எஸ்டேட் முனையில் தெரிந்த ஹார்டுவேர் கடை ஒன்றில் அந்த வியாழக்கிழமைப் பதிவைப் பார்க்க விட்டார்கள். திரையில் அன்வருதீன் எஸ்டேட்டுக்குள் போனார், ஒழுங்காக, இடது ஓரமாக. பைக்கில் ஏணி மட்டும் இருந்தது. வேகமாக ஓட்டவிட்ட பதிவில் லாரிகள் ஓடின, நாய் ஒன்று படுத்தது, எழுந்தது. அன்வருதீன் திரும்பி வந்தார், அதே ஒழுங்கு, அதே இடது ஓரம். பின்னால் கனகாம்பரக் கன்று ஆடிக்கொண்டு வந்தது.

உள்ளே என்ன நடந்தது? எஸ்டேட்டில் நர்சரி இல்லை. காவலாளிகளைக் கேட்டாள், கம்பெனிகளில் தோட்ட வேலை பார்ப்பவர்களைக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மூன்று சாயங்காலம் போய்விட்டு வந்தாள். நாலாவது நாள் அனம், "எனக்கு பரீட்ச வருதும்மா" என்று ஸ்கூட்டி சாவியை ஒளித்துவைத்துவிட்டாள்.

*

அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு ‘கூடுதல் அறை’ முடிகிற நாள். நீலக் கிணற்றுக்குப் பிறகு அதே பதினோரு மணிக்கு வந்த தொடர்.

அதுவும் விளங்காத கதைதான். அக்கா தங்கை இருக்கும் பழைய வீட்டில் சில நாட்களில் மட்டும் ஒரு கதவு முளைக்கும். திறந்தால் ஒருநாள் உப்பளம், ஒருநாள் காலியான சினிமா கொட்டகை, ஒருநாள் கீழேயே போகும் படிக்கட்டு. தங்கை ஒருநாள் உள்ளே போய்விட்டாள். கதவு மறைந்தது. அக்கா பயந்தாங்கொள்ளி, குளிக்கிற அறையில்கூடத் தாழ் போடாதவள். கதவு முளைக்கும்போதெல்லாம் வாசலில் நின்று தங்கையைக் கூப்பிடுவாள், ஓர் அடி எடுத்து வைப்பாள், திரும்பிவிடுவாள். வாரக்கணக்காக அவ்வளவுதான்.

ஷாஜாதி முன்னேற்பாடாக இருந்தாள். போன் பக்கத்தில் வெந்நீர், தொண்டைக்கு மிட்டாய். அந்த எழுத்தை மறுபடியும் ஓடவிடத் தயாராக அன்வருதீன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனாள். இருட்டில் என்னென்னவோ வந்தது, எதற்கும் பெயர் இல்லை. ஓர் இடத்தில் தங்கையின் கை கிடைத்தது. இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தங்கையின் தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. ரெண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். "டீயா, காப்பியா?" என்றாள் அக்கா. எழுத்து ஓடியது.

அந்த அறை யாருடையது, கதவு ஏன் முளைத்தது, முடி ஏன் வெளுத்தது, ஒன்றும் சொல்லவில்லை.

ஷாஜாதி போனின் மேல் கையை வைத்தாள். அது அடிக்கவில்லை. விளம்பரம் முடிந்து செய்தி வந்துவிட்டது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். இணைப்பு இருந்தது.

"லைன் எங்கனா போயிருக்குமா?" என்றார் அன்வருதீன் ஆவலாக, எழுந்திருக்க ஒரு சாக்குக் கிடைத்ததுபோல.

"உக்காருங்க."

கடைசியில் அவளே அமுதவல்லிக்குப் போன் செய்தாள். கேபிள் ஆபீஸிலிருந்து சந்தாதாரரிடம் புகார் கேட்டுப் போன் போனது அதுதான் முதல் தடவை.

"அக்கா, ஒங்க வீட்ல படம் முழுசா வந்துச்சா?"

"வந்துச்சே. பளிச்சுன்னு வந்துச்சு." அமுதவல்லி மூக்கை உறிஞ்சினாள். "இந்த வெங்காயம் வேற."

"அந்த ரூம் என்னான்னு சொல்லவே இல்லயே?"

"ரூம் கெடக்குது போ. அவ உள்ள போயி இழுத்துக்கிட்டு வந்துட்டா பாத்தியா? நான் நெனக்கவே இல்லடி. திரும்பிடுவான்னுதான் நெனச்சேன்."

"பின்ன கிணத்துக்கு மட்டும் ஏன் அந்தக் கத்து கத்துனீங்க? அதுலயும்தான் சொல்லல."

"அதுவும் இதுவும் ஒண்ணா?" அமுதவல்லிக்குக் கோபம் உடனே திரும்பிவிட்டது. "கிணத்துக்காரன் வாரா வாரம் என்னா சொன்னான்? வெரலு எங்க, சொல்றேன். கடியாரம் ஏன் நின்னுச்சு, சொல்றேன். சொல்றேன் சொல்றேன்னு கொழம்பு காயக் காய உக்கார வச்சுட்டு, குதிரயக் காட்டிட்டுப் போயிட்டான். அந்தப் புள்ளைங்க என்னாச்சுன்னு ஒரு வார்த்த இல்ல. ரூமுக்காரன் எப்பனா ரூம் என்னான்னு சொல்றேன்னு சொன்னானா? தங்கச்சி வருவாளா மாட்டாளான்னுதான் வாரா வாரம் காட்டுனான். வந்துட்டா. அப்பறம் என்னா? வய்யி, சட்னி தாளிக்கணும்."

போனை வைத்த பிறகும் ஷாஜாதி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யோசித்துப் பார்த்தால் தனக்கும் இன்று ஆத்திரம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அறை என்ன என்று கேட்டது வாய்தான். எழுத்து ஓடும்போது அவள் மூச்சு விட்ட சத்தம் அவளுக்கே கேட்டிருந்தது.

"எழுத்து ஓட விடவா வேணாமா?" என்றார் அன்வருதீன்.

"வேணாம். யாரும் ஒண்ணும் கேக்கல."

*

மறுநாள் திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டும் நாள். ஷாஜாதி ஒரு வழக்குக்குப் போவதுபோலத் தயாராகத்தான் போனாள். செல்போனில் ஹார்டுவேர் கடைப் பதிவை எடுத்து வைத்திருந்தாள். ஆதிமூலம் சொன்னது, காவலாளிகள் சொன்னது எல்லாம் வரிசையாக மனதில் இருந்தது. இவ்வளவையும் முன்னால் வைத்தால் காரணம் சொல்லித்தானே ஆகவேண்டும் என்பது அவள் எண்ணம்.

வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது அன்வருதீன் அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார். "மறுபடியும் அதயா பாக்கிற?"

"இந்த எடத்துல பாருங்க. போறப்ப செடி இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தன்னை முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல ஆர்வமாகவே பார்த்தார். "கைய நல்லாத்தான் காட்டித் திரும்புறான்" என்றார். "இண்டிகேட்டர்கூடப் போடுறான் பாரு. நான் எங்க போடுவேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவரும் சேர்ந்துகொண்டார். நர்ஸ் ரெண்டு தடவை பெயரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், எண்ணச் சொன்னார், மூன்று பொருளின் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். எல்லாம் சரியாக வந்தது.

"நல்லா இருக்காரும்மா. வேற எதுனா கேக்கணுமா?"

ஷாஜாதியின் கையில் போன் இருந்தது. ‘ஏன்’ என்று கேட்டால் இந்த அம்மாள் மறுபடியும் தெரியாது என்றுதான் சொல்வார். போன தடவையும் அதை ஒளிக்காமல்தான் சொன்னார். சொல்கிறேன் என்று ஒருநாளும் இழுக்கவில்லை. தன்னை விடியவிடிய விழிக்கவைத்தது அந்தக் கன்று எங்கே கிடைத்தது என்பதா? அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"மறுபடி இப்படி ஆயிடுமா டாக்டர்?"

"வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி."

"ஏணி ஏறலாமா? தனியா?"

"ஏறட்டும். எல்லாரும் ஏறுற மாதிரி பாத்து ஏறட்டும்."

"பைக்கு?"

"ஓட்டட்டும்மா."

அன்வருதீன் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பிறகு கும்பிட்டதற்கு வெட்கப்பட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இனியவன் போன் செய்துவிட்டான். அவன் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்களாம், இன்று வர முடியாதாம். சொல்தா அரிகிருஷ்ணன் வீட்டில் காலையிலிருந்து படம் இல்லை.

ஷாஜாதி பின்கட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தாள். பைக் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். அன்வருதீன் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எடுக்காமல் நின்றார்.

"அனம் வரட்டுமா கூட?" என்றார்.

"அதுக்குப் பரீட்ச. நீங்க போங்க."

"போன் பண்ணிக்கிட்டே இருப்பியா?"

"எனக்கு வேற வேல இல்லயா? எத்தன கம்ப்ளெயின்ட் இருக்குது."

அவர் ஏணியைப் பைக்கில் வைத்துக் கயிறு இறுக்கினார். முடிச்சு இறுகியிருக்கிறதா என்று பழைய ஆள் மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். தெருமுனையில் இண்டிகேட்டர் போடாமலே திரும்பினார். அதைப் பார்த்துவிட்டு ஷாஜாதி உள்ளே வந்தாள்.

போய்ச் சேர்ந்திருப்பார். இந்நேரம் ஏணியில் ஏறியிருப்பார். சொல்தா வீட்டுக் கம்பத்தில் எறும்புப் புற்று உண்டு, அதைத் தட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும். அது அவருக்குத் தெரியும். போனை எடுக்கக் கை போனது. எடுத்து யாரோ ஒருவருக்கு, "பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ரெண்டு பேருக்குச் சொன்னாள். மூன்றாவது ஆள் நன்றி சொல்லி வைத்தபோது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள், சும்மா ஒரு நிமிஷத்துக்கு.

மறுபடி போன் அடித்தபோது உள்ளேயிருந்து அனம்தான் புத்தகத்தோடு ஓடிவந்து எடுத்தாள். மறுமுனையில் அரிகிருஷ்ணன். படம் வந்துவிட்டதாம், பாய் கிளம்பாமல் டீ குடித்துக்கொண்டு கதை பேசுகிறாராம், அதைச் சொல்லத்தான் போன் செய்தாராம். அம்மாவிடம் கொடு, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்றார்.

அனம் திரும்பிப் பார்த்தாள். ஷாஜாதியின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை சன்னமாக, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

"அம்மா தூங்குறாங்க அங்கிள்," என்றாள் அனம் மெதுவாக. "அத்தாவ மெல்லவே வரச் சொல்லுங்க."